பிளக் பாயின்ட்டிலிருந்து ஒரு கிறிஸ்துமஸ் அலங்காரம்

கருமத்தம்பட்டிச் செபமாலை அன்னை ஆலயத்தின் அக்டோபர்த் திருவிழா முடிந்ததும் சோமனூரில் உள்ள எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விளக்குப் பேச்சு தொடங்கிவிடும். கடந்த ஆண்டு அந்தப் பேச்சோடு நிறுத்திக்கொண்டு, அளவு எதுவும் எடுக்காமல் சீரியல் செட்டுகளை வாங்கி வந்து, மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல்முனையிலிருந்து கட்டத் தொடங்கினேன். கடைசி வயர் போர்டிகோ பிளக்கை எட்டுவதற்கு ஒன்பது அடி குறைந்தது. பழைய வயர் ஒன்றை ஒட்டுப்போட்டு, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன். டிசம்பர் 20ஆம் தேதி மாலை பெய்த மழையில் அந்த ஒட்டுக்குள் தண்ணீர் இறங்கி, வீடு முழுவதும் இருண்டுபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அன்றைய நல்ல செய்தி.

ஆகவே இந்த ஆண்டு கணக்கைப் பிளக் பாயின்ட்டிலிருந்து தொடங்கியிருக்கிறேன். போர்டிகோ பிளக்கிலிருந்து மாடிக்கு ஏற 21 அடி, கைப்பிடிச் சுவரின் நீளம் 28 அடி. மொத்தம் 49 அடி. எங்களிடம் உள்ள செட் ஒன்று 33 அடி என்பதால் அங்கே இரண்டு செட் போதும். காம்பவுண்ட் சுவர் 52 அடி, அதற்கும் இரண்டு. என்னை வியக்க வைத்தது வாசல் வேப்பமரம்தான். அடிமரத்தின் சுற்றளவு நான்கு அடி. அரையடிக்கு ஒரு சுற்று என்று எட்டடி உயரம் வரை சுற்றினால் 16 சுற்று, அதாவது 64 அடி. பார்வைக்கு ஒரு மூலையில் நிற்கும் மரம், வீட்டின் முகப்பு முழுவதையும் விட அதிக விளக்கைத் தின்கிறது. கிளைகளுக்கு மேலே சர்வீஸ் வயர் போவதால் எட்டடிக்கு மேல் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆறு எல்.இ.டி. செட்டுகள், பெட்டியில் போட்டுள்ளபடி தலா 10 வாட். நட்சத்திரத்துக்குள் 9 வாட் பல்பு. குடிலைச் சுற்றி 50 வாட் ரோப் லைட். எல்லாம் சேர்ந்து 119 வாட். தினமும் மாலை ஆறு மணி முதல் பதினொரு மணி வரை, டிசம்பர் 15 தொடங்கி மூவரசர் திருநாளான ஜனவரி 6 வரை, 23 நாள் எரித்தாலும் 14 யூனிட்டைத் தாண்டாது. ஆனால் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 500 யூனிட்டைக் கடந்தால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளின் விலையும் மாறிவிடுவதால், விளிம்பில் நிற்கும் எங்கள் வீட்டுக்கு இந்தப் 14 யூனிட்டும் கவனிக்க வேண்டிய எண்தான்.

எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன் 1882ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். அவர் அதை வீட்டுக்குள் வைத்தார். வடகிழக்குப் பருவமழையைப் பற்றி அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு டிசம்பரிலும் மழை வரும், மழை நின்றாலும் மார்கழிப் பனி இறங்கும். தறிக்குடோன்களுக்கு வயரிங் செய்யும் எங்கள் எலெக்ட்ரீசியன் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, லைட்டெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க, மொதல்ல எர்த்தப் பாருங்க" என்றார். அவர் சொன்னபடி, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்துகிறோம். வெளியே, தூசியும் மழைநீரும் உள்ளே புகாது என்பதைக் குறிக்கும் ஐ.பி. 65 என்று போட்டுள்ள செட்டுகளை மட்டுமே கட்டுவோம். பிளக்குக்குள் நுழையும் முன் வயரைச் சற்றுத் தாழ்த்தித் தொங்கவிட்டால், அதன் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். காசில்லாத இந்த ஏற்பாட்டை நான் இத்தனை நாள் அறியாமல் இருந்தேன். இரும்பு கேட்டில் எதையும் சுற்றுவதில்லை. ரோப் லைட்டைச் சுருளாக வைத்துக்கொண்டு எரியவிட்டுப் பார்ப்பதும் இல்லை, சுருளுக்குள் சூடு தங்கிவிடும்.

நிறத்தைப் பற்றிப் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் மினுக்கும் வண்ண விளக்குகளைக் கேட்டார்கள். மரத்துக்கு மட்டும் அதை விட்டுக்கொடுத்துவிட்டு, மற்ற இடங்களில் மினுக்காத மஞ்சள் ஒளியையே வைத்துக்கொண்டேன்.

நட்சத்திரம் டிசம்பர் 1 அன்றே ஏறிவிடும். காம்பவுண்ட் சுவரை மட்டும் வரைபடத்தில் இன்னும் பென்சிலில்தான் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா ஐயப்ப பூஜைக்கு இரண்டு செட் கேட்டிருக்கிறார். பூஜை 22ஆம் தேதி, 23 காலையில் கழற்றித் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கார்த்திகைக்கு அவர் வீட்டு செட் எங்கள் மாடியில்தான் எரிந்தது, அதனால் மறுக்க வழியில்லை. 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்பும் முன் அந்தச் சுவரைக் கட்டி முடிக்க எனக்கு ஒன்றரை நாள் இருக்கும்.