கேமராவைக் கடைசியில் வாங்குங்கள்

சிங்கப்பூரில் உபியோ, உட்லண்ட்ஸோ, துவாஸோ, லேத்தில் உதிரிபாகம் கடையும் பட்டறைகள், குறையுள்ள உதிரிகளைக் கேமராவால் பார்த்துத் தள்ளும் இயந்திரம் ஒன்றை வாங்க முடிவெடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை மெகாபிக்சல்?” அதற்கான விடை கடைசியில் தானாக வந்துவிடும். முதலில் மேசைமேல் வரவேண்டியது ஒரு தட்டு. அதில் நல்ல உதிரி, கெட்ட உதிரி, இரண்டுங்கெட்டான் உதிரி என மூன்றும் இருக்கவேண்டும்.

இரண்டுங்கெட்டான்கள்தாம் மிக முக்கியம். கியூசியில் (தரச் சோதனைப் பிரிவில்) இருவர் ஒரே உதிரியைப் பார்த்து ஒருவர் ‘தள்ளு’ என்றும் மற்றவர் ‘விடு’ என்றும் சொன்னால், அந்த வழக்கை எந்த மென்பொருளும் தீர்த்துவைக்காது. எது குறை என்பதை அளவோடு எழுதி வையுங்கள். ‘கீறல் கூடாது’ என்று எழுதினால் போதாது. ‘கசிவைத் தடுக்கும் சீல் படியும் முகத்தில் 0.1 மி.மீ. அகலமும் 1 மி.மீ. நீளமும் தாண்டிய கீறல் கூடாது’ என்று எழுதினால்தான் கணக்கைத் தொடங்கவே முடியும்.

ஓர் உதிரியை எடுத்துக்கொள்வோம். லேத்தில் கடைந்த அலுமினிய வளையம், வெளிவிட்டம் 40 மி.மீ. பிடிக்கவேண்டியவை இரண்டு: உள்துளை விளிம்பில் பிசிறு (கடைந்தபின் விளிம்பில் ஒட்டி நிற்கும் மெல்லிய உலோகத் துணுக்கு), மேல்முகத்தில் கீறல்.

பிசிறு என்றதும் பலரும் பின்னொளியைச் சொல்வார்கள். உதிரிக்குக் கீழே வெளிச்சத் தகடு, மேலே கேமரா. துளை வெள்ளையாகவும் உலோகம் கறுப்பாகவும் தெரியும். பிசிறு துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வட்டத்தில் ஒரு முள் போலத் துல்லியமாக விழும். ஆனால் பிசிறு மேல்நோக்கி நின்றால் அதன் நிழலும் உலோகத்தின் கறுப்பும் ஒன்றாகிவிடும், எதுவுமே தெரியாது. அதற்கு மேற்பரப்பை ஒட்டித் தாழ்வாக அடிக்கும் வளைய விளக்கு வேண்டும். அதில் தட்டையான முகம் இருண்டு, எழும்பி நிற்கும் பிசிறு மட்டும் மின்னும். ஆகவே பிசிறு எந்தப் பக்கம் மடிகிறது என்று முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள். அது டூல், அதாவது வெட்டும் கருவி, வெளியேறும் திசையைப் பொறுத்தது.

கீறல் இன்னும் கடினம். கடைந்த முகத்தில் டூல் ஓடிய வட்டக் கோடுகள் இருக்கும். ஒரு பக்கமிருந்து மட்டும் விளக்கடித்தால் அந்தக் கோடுகள் இரண்டு எதிரெதிர் விசிறிகளாகப் பளிச்சிடும். விசிறிக்கு உள்ளே இருக்கும் கீறல் அந்தப் பளபளப்பில் மறைந்துவிடும். குடை போன்ற டோம் விளக்கு போட்டால் கோடுகள் அடங்கும், கூடவே ஆழமில்லாத கீறலும் அழிந்துபோகும். நேர்மேலிருந்து, லென்ஸின் அச்சு வழியாகவே ஒளியை இறக்கும் கோஆக்சியல் விளக்கு மெருகேறிய முகத்துக்கு நல்லது. முகம் வெளுத்து, கீறல் கறுத்துத் தெரியும். முகம் சொரசொரப்பாக இருந்தால் நான்கு திசைகளிலிருந்து மாறிமாறி விளக்கடித்து நான்கு படம் எடுத்து, அவற்றிலிருந்து மேடுபள்ளத்தைக் கணக்கிடும் முறை இருக்கிறது. அதற்கு உதிரி ஒரு கணமாவது அசையாமல் நிற்கவேண்டும், உதிரிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் கன்வேயர் பட்டைக்கு எளிதில் ஒத்துவராது. ஒரே விளக்கில் எல்லாக் குறையையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு நிலையம், இரண்டு விளக்கு வைத்தால் செலவு கூடும். ஆனால் அதுதான் வேலை செய்யும்.

எண்ணெய்ப் படலத்தையும் மறக்கக்கூடாது. விளிம்பில் தங்கிய ஒரு துளி கூலன்ட் (வெட்டும்போது குளிர்விக்க ஊற்றும் திரவம்), பின்னொளியில் பிசிறு போலவே தெரியும். உதிரியைக் கழுவி உலர்த்திய பிறகுதான் சோதனை நிலையம் வரவேண்டும்.

இப்போது பிக்சல் கணக்கு. 40 மி.மீ. வளையம் கன்வேயரில் கொஞ்சம் இங்குமங்கும் நகரும் என்பதால் படத்தில் 48 மி.மீ. அகலப் பரப்பு அடங்கவேண்டும். 5 மெகாபிக்சல் கேமராவில் பரவலாகக் கிடைப்பது 2448 × 2048 பிக்சல். இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது: 48-ஐ 2448-ஆல் வகுத்துவிடுகிறார்கள். வட்டமான உதிரி குறுகிய பக்கத்திலும் அடங்கவேண்டுமே! 48-ஐ 2048-ஆல் வகுத்தால் பிக்சலுக்கு 0.0234 மி.மீ. வரும், 0.1 மி.மீ. கீறலின் அகலம் சுமார் 4 பிக்சல். குறைந்தது 3 பிக்சல் வேண்டும் என்பது நடைமுறை விதி, ஆக இது தேறும். 1280 × 1024 கேமராவில் அதே கீறல் 2 பிக்சல்தான் வரும், படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகளோடு (இரைச்சல்) கலந்துவிடும். 12 மெகாபிக்சல் வாங்கினால் படம் பெரிதாகும், கேபிளில் நேரம் பிடிக்கும், பெரிய சென்சாருக்கேற்ற பெரிய லென்ஸும் வாங்கவேண்டிவரும். இந்த வளையத்துக்கு அது தேவையில்லை.

அந்த 5 மெகாபிக்சல் சென்சாரின் பிக்சல் 3.45 மைக்ரான் என்றால் குறுகிய பக்கம் 7.07 மி.மீ. 35 மி.மீ. லென்ஸ் போட்டால் உதிரியிலிருந்து ஏறக்குறைய 270 மி.மீ. உயரத்தில் கேமரா நிற்கும். அவ்வளவு இடம் இல்லையென்றால் 25 மி.மீ. லென்ஸ், சுமார் 195 மி.மீ. உயரம். ஸ்டாண்டை வெல்டிங் செய்யுமுன் இதைக் கணக்கிட்டுவிடுங்கள்.

கீறல், பிசிறு மட்டும் என்றால் சாதாரண லென்ஸ் போதும். விட்டத்தையும் அளக்கவேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் நிலைமை மாறும். 270 மி.மீ. தூரத்தில் உதிரி 1 மி.மீ. மேலே எழும்பினாலே படத்தில் 40 மி.மீ. விட்டம் சுமார் 0.15 மி.மீ. பெரிதாகத் தெரியும். டிராயிங்கில் டாலரன்ஸ் (அனுமதிக்கும் விலகல்) ±0.05 மி.மீ. என்றிருந்தால் அளந்து பயனில்லை. அங்கே டெலிசென்ட்ரிக் லென்ஸ் வேண்டும், அதில் தூரம் மாறினாலும் அளவு மாறாது. அதன் முன்கண்ணாடி உதிரியைவிட அகலமாக இருக்கவேண்டும் என்பதால் கனம், விலை இரண்டும் அதிகம். சாதாரண லென்ஸ் சில நூறு வெள்ளி என்றால் இது ஆயிரக்கணக்கில் போகும்.

ஓட்டத்தில் படம் எடுப்பதென்றால் ஷட்டர் கணக்கும் சேர்த்தி. கன்வேயர் நொடிக்கு 200 மி.மீ. ஓடுகிறது, ஒளி விழும் நேரம் 1 மில்லி நொடி என்றால் படம் 0.2 மி.மீ. இழுபடும், அதாவது 8 பிக்சலுக்கு மேல். கீறலின் அகலத்தைப்போல் இரு மடங்கு! ஒரு பிக்சலுக்குள் அடக்க 100 மைக்ரோ நொடி வேண்டும். அவ்வளவு குறுகிய நேரத்தில் போதிய வெளிச்சம் விழ, விளக்கு ஸ்ட்ரோப் முறையில், அதாவது படம் எடுக்கும் கணத்தில் மட்டும் பளிச்சென்று, மின்னவேண்டும். எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கேமராதான் வாங்கவேண்டும். வரிவரியாகப் பதியும் ரோலிங் ஷட்டரில் வட்டமே சாய்ந்துபோகும்.

நம் ஊர்ப் பட்டறைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல கூரை விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 100 மைக்ரோ நொடிப் படம் ஒன்றில் வெளிச்சமாகவும் அடுத்ததில் மங்கலாகவும் வரும். ரோலர் கதவைத் திறந்து லாரி வந்தால் பிற்பகல் வெயில் நேராக உள்ளே விழும். சிவப்பு விளக்கு, லென்ஸின் முன்னால் அந்த அலைநீளத்தை மட்டும் விடும் ஃபில்டர், சுற்றிலும் கறுப்பு உறை என மூன்றும் சேர்ந்தால் இரண்டு தொல்லையும் அடங்கும். உறை இருந்தால் ஸ்ட்ரோப் மின்னல் பக்கத்தில் நிற்பவர்களின் கண்ணையும் உறுத்தாது. ஈரப்பதம் வேறு. இங்கே வெளிக்காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும், அதனால் 20 டிகிரி ஏர்கான் அறையிலிருந்து திறந்த பட்டறைக்கு வந்த உலோகம் உடனே வியர்க்கும். ஒரு மணி நேரமாவது வெளியில் வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

மென்பொருளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அளவு, துளை, பிசிறு ஆகியவற்றுக்கு படத்தில் வெளிச்சமும் இருளும் மாறும் கோட்டைத் தேடும் வழக்கமான விளிம்புத் தேடலே போதும், ஏன் தள்ளியது என்றும் விளக்கிச் சொல்ல முடியும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் கறை, வார்ப்புக் குறை ஆகியவற்றுக்கு ஏராளமான மாதிரிப் படங்களிலிருந்து தானே கற்கும் டீப் லேர்னிங் உதவும். அதற்குப் படங்களைப் பெயரிட்டுப் பிரிப்பவர்களிடையே ஒரே அளவுகோல் இருக்கவேண்டும்.

கெட்ட உதிரியைத் தள்ளும் பகுதியில் ஒரு வயரிங் விவரத்தை விட்டுவிடாதீர்கள். கேமரா ‘கெட்டது’ என்று சிக்னல் தந்தால் மட்டும் தள்ளுமாறு பிஎல்சியை (லைனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியை) அமைத்தால், கேபிள் கழன்ற நாளில் எல்லா உதிரியும் நல்ல பெட்டிக்குப் போய்விடும். ‘நல்லது’ என்ற சிக்னல் வந்தால் மட்டுமே கடத்தவேண்டும். சிக்னல் வராவிட்டால் தள்ளிவிடவேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் வென்டரிடம் உங்கள் தட்டைக் கொடுத்து, உங்கள் உதிரியில், உங்கள் லைன் வேகத்தில் செய்து காட்டச் சொல்லுங்கள். 300 கெட்ட உதிரிகளை ஓட்டி ஒன்றுகூடத் தப்பவில்லையென்றால், தப்பும் விகிதம் 1 விழுக்காட்டுக்குக் கீழ் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். 30 உதிரிகளை மட்டும் ஓட்டினால் 10 விழுக்காட்டுக்குக் கீழ் என்றுதான் சொல்லமுடியும். நல்லதைத் தள்ளும் விகிதத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நாளுக்கு 20,000 உதிரியில் 1 விழுக்காடு என்றால் 200 நல்ல உதிரிகளை யாரோ ஒருவர் மறுபடி கண்ணால் பார்த்தாகவேண்டும். அளவுச் சோதனைக்கு ஒரே உதிரியை 30 முறை எடுத்து எடுத்து வைத்து அளந்து பாருங்கள். உதிரியை அசைக்காமலே 30 படம் பிடித்துக் காட்டினால் ஏற்காதீர்கள். என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பிடம் மானியம் கேட்கும் எண்ணமிருந்தால், ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இயந்திரம் வந்தபின்னும் அந்தத் தட்டு அலமாரிக்குப் போகவேண்டாம். ஒவ்வொரு ஷிஃப்ட்டின் தொடக்கத்திலும் அதிலிருந்து ஒரு நல்லது, குறை வகைக்கு ஒரு கெட்டது என்று ஓட்டுங்கள். லென்ஸில் தூசி, நாளடைவில் மங்கும் எல்இடி, அதிர்வில் தளர்ந்த ஃபோகஸ் திருகு மூன்றுமே முதலில் அங்கேதான் தெரியவரும். கெட்ட சாம்பிள்கள் நல்ல பெட்டியோடு கலந்துவிடாமல் அவற்றின்மேல் சிவப்புப் பெயின்ட் அடித்துவையுங்கள், ஆனால் கேமரா பார்க்கும் முகத்தில் அல்ல.