பாதி வழி வரைக்கும்

14 ஜனவரி 2025, செவ்வாய்

இன்று பொங்கல். டான்சானியாவின் டொடோமா சந்தையில் கரும்பு கிடைத்தது, மஞ்சள் கொத்து கிடைக்கவில்லை. போன விடுமுறையில் ஊரிலிருந்து கொண்டுவந்த உடன்குடிக் கருப்பட்டியில் மிச்சமிருந்த இரண்டு வட்டையும் தட்டிப் போட்டேன். அடுப்புக்கு மூன்று கல். இந்த ஊரிலும் மூன்று கல் அடுப்புதான், மாஃபிகா என்பார்கள்.

பானை பொங்கியதும் நான் தனியாக "பொங்கலோ பொங்கல்" என்றேன். மருந்து வாங்க வந்திருந்த பெண்கள் என்ன ஏதென்று கேட்கவில்லை. ஏதோ நல்ல காரியம் என்று மட்டும் தெரிந்துகொண்டு நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். சுவாஹிலியில் அதற்கு விகேலேகேலே என்று பெயர். எங்கள் பக்கத்தில் அம்மன் கொடைக்கு இடுவார்களே, அதே குலவை. 2011இல் வந்திறங்கிய வாரம் கோயிலில் இதை முதன்முதலாகக் கேட்டபோது எழுந்த அழுகைக்கு இன்று வரை எனக்குக் காரணம் தெரியாது.

சர்க்கரைப் பொங்கலை ஆளுக்கொரு கை வாங்கிக்கொண்டார்கள். "சோற்றில் யாராவது இனிப்புப் போடுவார்களா?" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் கையும் வாங்கினாள்.

5 மார்ச், சாம்பல் புதன்

எங்கள் கன்னியர் சபையின் மாகாண இல்லத்திலிருந்து கடிதம். பி.டி.எஃப்., வாட்ஸ்அப்பில். இப்போதெல்லாம் கீழ்ப்படிதலும் போனில்தான் வந்து விழுகிறது. ஜூலைக்குள் ஊர் திரும்பி, வயதான சிஸ்டர்களுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்க வேண்டுமாம். மொத்தம் நாலு வரி.

வார்த்தைப்பாடு கொடுத்தபோது எங்கே அனுப்பினாலும் போகிறேன் என்று சொன்னவள்தான் நான். அந்த 'எங்கே'யில் சொந்த ஊரும் அடக்கம் என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை.

நெற்றியில் சாம்பலோடு போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

22 மார்ச், சனி

இரவு மழை. பதினொரு மணி இருக்கும், இவர்கள் கணக்கில் இரவு ஐந்து மணி. இங்கே சூரியன் எழும்போதுதான் கடிகாரமும் எழும். நம் காலை ஏழு மணி இவர்களுக்கு ஒரு மணி. வந்த புதிதில் இது புரியாமல், காலை நாலு மணிக்கு வரச் சொன்ன கர்ப்பிணிக்காக விடியுமுன்பே எழுந்து காத்திருந்தேன். அவள் சாவகாசமாகப் பத்து மணிக்கு வந்தாள்.

பைக் டாக்ஸியில் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். முன்னால் ஓட்டுகிறவன், நடுவில் வலியோடு அவள், விழாமல் பிடித்துக்கொண்டு பின்னால் அவள் பாட்டி. இந்தப் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவாஹிலியில் பாட்டிக்கு பீபி. இவர் ஊருக்கே பீபி, பழைய மருத்துவச்சி. நான் வந்த வருடம், 'கல்யாணமும் கட்டாத, பிள்ளையும் பெறாத இவளா பிரசவம் பார்க்கப்போகிறாள்?' என்று கிணற்றடியில் கேட்டவர். கேள்வியில் ஒன்றும் தப்பில்லை. என்னோடு சமாதானமாக அவருக்கு மூன்று வருடம் ஆனது. அப்புறம் வீட்டில் வலி கண்ட பெண்களை அவரே கையைப் பிடித்து இங்கே கூட்டிவர ஆரம்பித்தார்.

குழந்தை பிறந்து அழவில்லை. துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம், ஊஹூம். பிறந்த முதல் நிமிடத்தைத் தங்க நிமிடம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள், அதற்குள் மூச்சு போக வேண்டும். முகத்தில் மாஸ்க்கை அழுத்தி வைத்துப் பையை அமுக்கினேன். நெஞ்சு எழும்பியது, இறங்கியது. எழும்பியது, இறங்கியது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மூலையில் பீபியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

விடிந்ததும் உத்தரத்தில் தொங்கும் தராசில் துணியில் கட்டி எடை பார்த்தேன். 2.7 கிலோ. பெண். "உன் அம்மா பேர் என்ன?" என்று கேட்டார் பீபி. சொன்னேன். குழந்தைக்கு அதையே வைத்துவிட்டார்கள். கடைசியில் வரும் 'ம்' மட்டும் இவர்கள் வாயில் நிற்காது, 'மு' ஆகிவிட்டது. சாயங்காலம் போனில் அம்மாவிடம் சொன்னால், "ஏன், அவங்க ஊர்ல பேரே இல்லையாக்கும்?" என்றாள். குரலில் பெருமை வழிந்தது.

21 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள்

போப்பாண்டவர் பிரான்சிஸ் காலமானார். கோயில் மணி வெகு நேரம் அடித்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லாரும், என் வீட்டில் துக்கம் போல, "போலே சிஸ்டா" என்றார்கள். கால் இடறினாலும் போலே, ஆள் செத்தாலும் போலே. 'வருந்துகிறேன்' என்பதைவிட இந்த ஒற்றைச் சொல்லில் ஈரம் அதிகம்.

8 மே, வியாழன்

ராத்திரி எட்டேகாலுக்கு அறிவித்தார்கள். புதிய போப்பாண்டவர் பதினான்காம் லியோ. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிங்கராயர் என்பார்கள். டிவியில்லாத எங்கள் கான்வென்ட்டில் ஐந்து பேர் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். சிகாகோவில் பிறந்தவர், ஆனால் பெரு நாட்டில் மிஷனரியாக இருந்தவர், அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கியவர். சிக்லாயோவில் ஆயராக இருந்தார். மாடத்தில் நின்று இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் ஸ்பானிஷுக்கு மாறி அந்தச் சிக்லாயோ மக்களுக்கு வாழ்த்துச் சொன்னார்.

உலகமே பார்க்கும்போது பழைய பங்கை நினைத்துக்கொள்கிற மனிதர். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

25 மே, ஞாயிறு

பங்குத் தந்தை இன்று பூசை முடிவில் அறிவித்துவிட்டார். சலசலப்பே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வெளியே வந்ததும் ஒரு கிழவர், "யார் மேல் தப்பு? எங்கள் மேலா?" என்று கேட்டார். இல்லை, இது எங்கள் சபை வழக்கம் என்றேன். "நல்ல வழக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

சபைக்காகப் பரிந்து பேச வேண்டியவள் நான். வாய் வரவில்லை.

13 ஜூன், வெள்ளி

அந்தோணியார் திருநாள். அப்பா இருந்தவரை வருடா வருடம் உவரிக்குப் போவார்.

2020 ஜூலையில் அப்பா இறந்தபோது இந்தியாவுக்கு வழக்கமான விமானமே ஓடவில்லை. அண்ணன் வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினான். பெட்டியை மூடுகிற நேரம் படம் உறைந்து நின்றது. அப்பாவின் கட்டைவிரலும் பெட்டி ஓரத்து வெள்ளைச் சரிகையும் மட்டும். திரும்ப லைன் கிடைத்தபோது ஆட்கள் கல்லறைத் தோட்டத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அன்று இருட்டுகிற நேரம் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஜுமுய்யாப் பெண்கள் வந்தார்கள். ஜுமுய்யா என்றால் நம் அன்பியம்தான், பத்து இருபது வீடு சேர்ந்த ஜெபக்குழு. பிணம் இல்லாத துக்க வீடு. ஆனாலும் வராந்தாவில் பாய் விரித்து மூன்று ராத்திரி அங்கேயே படுத்தார்கள். பெரிய சட்டியில் உகாலிக் களி கிளறினார்கள், பாடினார்கள். மூன்றாம் நாள் ஒரு தட்டு சுற்றி வந்தது. துக்க வீட்டுக்குக் கொடுக்கிற ரம்பிரம்பி. ஐந்நூறு ஷில்லிங், ஆயிரம் ஷில்லிங், பணம் இல்லாதவர்கள் ஒரு குவளைக் கம்பு. பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு, பெயரும் தொகையும் வரிசையாக எழுதி என் கையில் கொடுத்தார்கள். நம் மொய் நோட்டேதான். கடல் தாண்டி, முகம் பார்த்திராத ஒரு பனையேறிக்கு விழுந்த மொய்.

நோட்டை இன்று பெட்டியில் வைத்தேன். முதலில் வைத்தது அதுதான்.

29 ஜூன், ஞாயிறு

பிரிவுபசாரப் பூசை. மூன்றரை மணி நேரம். காணிக்கைப் பவனியில் இரண்டு கோழி, ஒரு ஆடு, கம்பு மூட்டை, முட்டைக் கூடை, எல்லாமே ஆடிக்கொண்டுதான் பீடத்துக்குப் போயின. ஆட்டைத் தவிர, அதை இழுத்துக்கொண்டு போனார்கள். வெளியே கோகோ இனப் பெண்கள் முஹேமே மத்தளங்களைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அடித்தார்கள். மத்தளம் இங்கே பெண்களின் வாத்தியம். அடிக்கிற அடியில் தரை அதிரும்.

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து காங்கா துணியை என் மேல் சுற்றினார்கள். காங்காவில் கரையை ஒட்டி ஒரு வாசகம் அச்சடித்திருக்கும். சொல்ல முடியாததை மாமியாருக்கும் சக்களத்திக்கும் புருஷனுக்கும் துணியால் சொல்லிக்கொள்கிற ஊர் இது. எனக்கு வந்ததில் ஒன்றில் 'வேமா ஹவோஸி' என்றிருந்தது. செய்த நன்மை அழுகாது என்று அர்த்தம். பதினோராவது துணியில் மூச்சு முட்டியது. வெயிலில் வேர்த்து ஊற்றியதில் நான் அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்திருந்தேன். போட்டோவில் நன்றாகவே தெரிகிறது.

சாயங்காலம் மார்ச் மாதக் குழந்தையை எடைக்குக் கொண்டுவந்தார்கள். 6.1. தராசில் தொங்கிக்கொண்டு என் முக்காட்டுத் துணியைப் பிடித்து வாயில் வைத்தது.

7 ஜூலை, திங்கள்

சபா சபா விடுமுறை. பீபி வீட்டுக்குப் போனேன். புதுக் கம்பில் உகாலி, தொட்டுக்கொள்ள வழவழவென்று ம்லெண்டாக் கீரை. முதல் வருடம் தொண்டையில் இறங்காத கீரை, இன்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். அறுவடை முடிந்து முற்றத்தில் கதிர் குவிந்து கிடந்தது. கொட்டிலில் கன்று கத்தியது. நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

கிளம்பும்போது அவரும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். இங்கே விருந்தாளியை வாசலோடு அனுப்புவது மரியாதை இல்லை. கூடவே பாதி வழி நடக்க வேண்டும். குசிந்திகிசா என்று பெயர். தோட்டத்தைத் தாண்டினோம். வறண்ட ஓடையைத் தாண்டினோம். மூட்டுவலிக்காரர், போதும் பீபி என்றேன். காதில் விழாத மாதிரி நடந்தார். ஆனைப்புளி மரத்தடிக்கு வந்ததும் நான், "சரி, இப்போது நான் உங்களைக் கொண்டு விடுகிறேன்" என்று திரும்பினேன். ஓடை வரை போனோம். அங்கிருந்து மறுபடி அவர் என்னோடு மரம் வரை. இரண்டு தடவை இப்படி. மாடு மேய்க்கிற பையன் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

'க்வாஹேரி' என்றால் பிரியாவிடை. அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. நமக்கும் 'போறேன்' என்பது வாயில் வரக் கூடாத சொல்தானே. 'போயிட்டு வாரேன்' என்று தமிழிலேயே சொன்னேன். என்ன புரிந்ததோ, "ஹயா" என்றார். நம் 'சரி'. கையிலிருந்த துணிப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். பையில் கம்பு மாவு.

10 ஜூலை, வியாழன்

போன வருடம் விட்ட மின்சார ரயிலில் டார் எஸ் சலாம். 2011இல் பஸ்ஸில் நாள் பூராவும் வந்த தூரம், நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு வேகம் இன்றைக்கு வேண்டியதில்லை.

இளைய சிஸ்டர், கோகோ இனத்துப் பெண், துணைக்கு வந்தாள். மதியம் இருவரும் கடற்கரை ஊரான பகமோயோவுக்குப் போனோம். வழியில் பனைகள். நடுமரம் பானை போல உப்பியிருந்தாலும் பனைதான், ஓலையைப் பார்த்தாலே தெரிகிறது. அப்பா இருந்தால் அந்த உப்பலில் எப்படிக் கால் வைத்து ஏறுவது என்று யோசித்திருப்பார்.

பகமோயோவில் 1868இல் வந்த மிஷனரிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பாதிப் பேருக்கு மேல் சின்ன வயசு. காய்ச்சல். அவர்களுக்குத் திரும்பிப் போகச் சொல்லும் கடிதம் வரவே இல்லை.

ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி லிவிங்ஸ்டனின் உடலும் இங்கேதான் வந்தது. 1873 மே மாதம் இன்றைய ஸாம்பியாவில் இறந்தார். இதயத்தை அங்கே ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலை வெயிலில் உலர்த்தித் துணியிலும் மரப்பட்டையிலும் சுற்றி, சூமா, சூசி என்ற இருவரும் கூட்டத்தாரும் ஒன்பது மாதம் கால்நடையாகச் சுமந்து வந்து, 1874 பிப்ரவரியில் இந்தக் கோயில் கோபுரத்தில் ஓர் இரவு வைத்தார்கள். அங்கிருந்து கப்பல். லண்டனில் அடக்கம் நடந்தபோது சூமாவும் சூசியும் அங்கே இல்லை. பிறகுதான் அழைத்துப் போனார்களாம். எல்லாரும் லிவிங்ஸ்டனைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்த இரண்டு பேர் நினைவாகவே இருந்தது.

"இது பெரிய குசிந்திகிசா" என்றாள் இளையவள்.

11 ஜூலை, வெள்ளி

விமான நிலையத்தில் பயணிகளைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே இளையவள் நின்றாள். நான் வரிசையில் நகர நகர அவளும் கண்ணாடியை ஒட்டியே நகர்ந்து வந்தாள், சுவர் வரும் வரை.

23 கிலோதான் அனுமதி. பெட்டியை ஏற்றினால் 25.7. கவுண்டர்ப் பெண் எடுங்கள் என்று கை காட்டினாள். 2.7 கூடுதல். நல்ல எடை, தேறிவிடும் என்றுதான் என் மனசு முதலில் சொன்னது. வரிசையை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். ஷூவை எடுத்தேன். கனத்த நர்சிங் புத்தகம் இரண்டை எடுத்தேன். மொய் நோட்டுக்குக் கீழே கம்பு மாவுப் பை சாய்ந்து, காங்கா மேல் கொஞ்சம் சிந்தியிருந்தது. தட்டிவிட்டு, வாயை இறுக்கிக் கட்டி, நிமிர்த்தி வைத்தேன்.