செய்முறை நோட்டும் பறக்கும் படையும்: ஒரு சாய்தளத்துக்குப் பணம் திரட்டிய அனுபவம்

எங்கள் நோயாளர் இல்லத்தைச் சீரமைக்க 11,60,000 ரூபாய் தேவைப்பட்டது. 2024 பிப்ரவரியில் கேட்கத் தொடங்கி ஆகஸ்டில் கட்டட வேலையை முடித்தோம். கொடுக்க ஆள் இல்லாமல் ஒரு நாளும் திண்டாடவில்லை. கொடுத்த பணத்தை முறையாக வாங்கி வைக்கத் தெரியாமல்தான் திண்டாடினோம். பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவள் என்பதால் என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு என்பது பிறகுதான் தெரிந்தது.

மதுரையில் செல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு பழைய வீடுதான் எங்கள் இல்லம். பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இராமநாதபுரம், சிவகங்கை, தேனி ஊர்களிலிருந்து வருகிறவர்கள், அன்றே பேருந்தில் திரும்ப முடியாமல் ஓர் இரவு தங்கிப் போவார்கள். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு இரத்த அழுத்தம் இறங்கித் தள்ளாடி வருகிறவருக்கு, வாசலில் இரண்டரை அடி உயரத் திண்ணை, கட்டில்கள் மாடியில், கழிப்பறையோ கொல்லைப்புறத்தில், குத்துக்காலிட்டு உட்காரும் வகையில் ஒன்றே ஒன்று. கட்டில்களைக் கீழே கொண்டுவருவது, இரண்டு மேற்கத்தியக் கழிப்பறை கட்டிச் சுவரில் கைப்பிடிகள் பொருத்துவது, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் அமைப்பது, இன்வெர்ட்டர் வாங்குவது ஆகியவைதான் திட்டம். அறக்கட்டளைக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ பதிவையும் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி ஒப்புதலையும் எங்கள் தணிக்கையாளர் முன்பே முடித்து வைத்திருந்தார். அதில் ஒரு சிக்கலும் இல்லை.

முதல் அடி வங்கியில் விழுந்தது. அறக்கட்டளைக் கணக்குக்குக் கியூஆர் அட்டை வாங்கப் போனால், அறங்காவலர் ஒருவரின் பெயர் அறக்கட்டளைப் பத்திரத்தில் தலைப்பெழுத்தோடும் ஆதாரில் தகப்பனார் பெயரோடும் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். "ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு எப்படிம்மா நம்புறது?" என்று எழுத்தர் கேட்டார். அந்த அறங்காவலர் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி நோட்டரி கையொப்பத்தோடு கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நடையோடு முடிந்திருக்கும். நான்கு நடை ஆயிற்று.

அந்த இடைவெளியில்தான், நல்ல மனதோடு, எங்கள் தன்னார்வலத் தம்பி ஒருவர் தம் சொந்த ஜிபே எண்ணை வாட்ஸாப்பில் போட்டுவிட்டார். இரண்டே நாளில் 61 பேர் 43,200 ரூபாய் அனுப்பிவிட்டார்கள். அது அவர் கணக்கில் விழுந்த பணமே தவிர அறக்கட்டளைக்கு வந்த நன்கொடை ஆகாது, அதற்கு நாங்கள் இரசீது போட முடியாது என்று தணிக்கையாளர் கண்டிப்பாகச் சொன்னார். எல்லாருக்கும் திருப்பி அனுப்பி, அறக்கட்டளைக் கணக்குக்கு மறுபடி அனுப்பும்படி கேட்டுக்கொண்டோம். 52 பேர் அனுப்பினார்கள். மற்ற ஒன்பது பேரை நான் குறை சொல்லவில்லை. கைக்குத் திரும்பி வந்த பணத்துக்கு வீட்டில் எப்போதும் வேறு வேலை இருக்கும்.

மாசி வீதிகளில் கடை கடையாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: போணி ஆகாத கடையில் காலை வைக்காதீர்கள். முதல் நாள் பத்து மணிக்கே கீழமாசி வீதியில் நுழைந்து, ஏழு கடையில் "அப்புறம் வாங்க" என்ற ஒரே பதிலைக் கேட்டுத் திரும்பினோம். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போனபோது அதே ஏழு கடையில் ஐந்து பேர் கொடுத்தார்கள். இன்னொன்று, சித்திரைத் திருவிழா நெருங்கும்போது எந்த வேலைக்கும் வசூல் தொடங்கக் கூடாது. ஏப்ரல் 23 அன்று அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்றால் பங்குனியிலேயே நீர்மோர்ப் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் ஒவ்வொரு கடையிலும் தொகை ஒதுக்கியாகிவிடும். கழிப்பறைக்குப் பணம் கேட்டு அழகரோடு போட்டியிட்டு ஜெயித்தவர் மதுரையில் இல்லை.

கப்பலூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதியைக் கேட்கப் போனது முழு வீண் அலைச்சல். இரண்டு முறை வரச் சொல்லி, திட்ட அறிக்கையை வண்ணத்தில் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லி, மூன்றாம் முறைதான் ஓர் அதிகாரி வாய் திறந்தார்: இந்த நிதியைப் பெறும் அறக்கட்டளை இதே போன்ற பணியில் மூன்றாண்டாவது ஈடுபட்டிருக்க வேண்டும், சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்து எண்ணும் வாங்கியிருக்க வேண்டும். எங்கள் பணி தொடங்கியது 2021 ஜூலையில். நான் அங்கே உட்கார்ந்திருந்தது 2024 மார்ச்சில். நான்கு மாதம் குறைந்தது. தொலைபேசியிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்காதது என் தவறு. சொல்லாதது அவர்கள் தவறு.

இன்றும் என்னை உறுத்துவது சிங்கப்பூர்ப் பணம். மேலூர்ப் பக்கம் பிறந்து அங்கே போய் நன்றாக இருக்கும் ஒரு தம்பி, மதுரை வங்கியில் தமக்கு இருந்த கணக்கிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் அனுப்பினார். இந்திய வங்கி, இந்திய ரூபாய் என்று நாங்களும் மகிழ்ந்தோம். தணிக்கையாளர் கேட்டது ஒரே கேள்வி: "அவருடைய பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?" அவர் சிங்கப்பூர்க் குடிமகன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவரே. எந்த வங்கியிலிருந்து எந்த நாணயத்தில் வந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடையே. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படியான (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாமல் அதைத் தொடக் கூடாது. அந்தப் பதிவுக்கும் மூன்றாண்டுப் பணியும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். பதிவு கிடைத்த பிறகும் டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் பணத்தை வாங்க முடியும். இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டே துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்ப்பவர் தம் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் இந்தத் தடை இல்லை. ஆகவே வெளிநாட்டிலிருந்து யார் போன் செய்தாலும் நன்றி சொல்வதற்கு முன் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்பியபோது அந்தத் தம்பி, "பொறந்த ஊருக்குக் குடுக்க எனக்கு உரிமை இல்லையாக்கா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எல்லாவற்றையும் மிஞ்சியது மார்ச் 31. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் இல்லத்தில் தங்கிப் போகும் நோயாளிகள் பலர். அவர்களில் ஒரு பெரியவர், "நம்ம ஊர்ல கேட்டுப் பாருங்க டீச்சர், செய்முறை மாதிரி செஞ்சிருவோம்" என்று தாமே ஏற்பாடு செய்தார். (விசேஷ வீட்டில் மொய் எழுதுவதைத்தான் எங்கள் பக்கம் செய்முறை என்பார்கள்.) ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறிய மண்டபம், காப்பி, வடை, வாசலில் ஒரு மேசை, செய்முறை எழுதிப் பழகிய ஒருவர் கையில் நீளமான நோட்டு. கருமாத்தூர் 501, எழுமலை 1001, நாட்டாமங்கலம் 200 என்று ஊரும் பேரும் தொகையும் வரி வரியாக ஏறின. மாலையில் கூட்டிப் பார்த்தால் 1,84,350 ரூபாய். மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வாடகைக் காரில் மதுரைக்குக் கிளம்பினோம்.

மக்களவைத் தேர்தல் அறிவித்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் ஆவணம் வேண்டும் என்று நாள்தோறும் செய்தித்தாளில் படித்தவள்தான் நான். ஆனால் அந்தச் செய்தியையும் என் மடியில் இருந்த பையையும் என் மனம் ஒரு கணம்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. செக்கானூரணி அருகே பறக்கும் படை வண்டியை நிறுத்தியது. வங்கியில் எடுத்த சீட்டு எங்கே என்றார்கள். இல்லை, இது மக்கள் கொடுத்தது, இதோ நோட்டு என்று பெருமையோடு நீட்டினேன். தேர்தல் நேரத்தில், இரவு ஏழு மணிக்கு, ஊர்வாரியாகப் பெயரும் எதிரே தொகையும் எழுதிய நோட்டும் ஒரு பை நிறைய ஐந்நூறு ரூபாய்த் தாளும்! அந்த அலுவலர் முகத்தைப் பார்த்தபிறகுதான் அது என்ன பட்டியலாகத் தெரியும் என்பது எனக்கு உறைத்தது. வடை சாப்பிட்டவர்களே சாட்சி என்று உடன் வந்தவர் சொன்னது நிலைமையை மேலும் கெடுத்தது.

அவர்கள் கடமையைத்தான் செய்தார்கள், மரியாதையாகவே பேசினார்கள். பணத்தை எங்கள் கண் முன்னே எண்ணி, நோட்டின் கூட்டலோடு ஒரு ரூபாய் பிசகாமல் சரிபார்த்து, பறிமுதலுக்கு இரசீது கொடுத்தார்கள். மீட்பதுதான் பாடாகிவிட்டது. முதலில் போன அலுவலகத்தில் இது எங்கள் தொகுதி இல்லை என்றார்கள் (மதுரை மாவட்டத்தில் இருந்தாலும் உசிலம்பட்டி தேனி மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது; பணம் சேர்ந்த இடம் வேறு, பிடித்த இடம் வேறு). அடுத்த அலுவலகத்தில் உரியவர் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். கடைசியில் ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்றே உள்ள மூன்று அலுவலர் குழுவிடம் போய்ச் சேர்ந்தோம். அறக்கட்டளைப் பத்திரம், 12ஏ, 80ஜி ஆணைகள், மண்டப வாடகை இரசீது, வடை மாஸ்டர் கொடுத்த பில் வரைக்கும் இணைத்தோம். எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான். அதில் இருந்த பெயர்களில் சிலரைக் குழுவினர் தற்செயலாகத் தேர்ந்து தொலைபேசியில் கேட்டார்கள். எல்லாரும் தொகையைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்முறைத் தொகையை எங்கள் பக்கத்தில் யாரும் மறப்பதில்லை. பதினேழாம் நாள் பணம் கைக்கு வந்தது. நிதியாண்டின் கடைசி நாளில் பறிபோனதால் "பறிமுதலில் உள்ள ரொக்கம்" என்று ஒரு வரியை ஆண்டுக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று. தம் வாழ்நாளில் இப்படி ஒரு வரியை எழுதியதில்லை என்றார் தணிக்கையாளர்.

அந்த நோட்டு இன்னொரு வேலையும் வைத்தது. நன்கொடை விவரங்களை வருமான வரித் துறையின் 10பிடி படிவத்தில் அந்த ஆண்டு மே 31-க்குள் ஏற்ற வேண்டியிருந்தது. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். அதை ஏற்றினால்தான் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கேட்க உதவும் 10பிஇ சான்று கிடைக்கும். அதற்குப் பான் எண்ணோ வேறு அடையாள எண்ணோ வேண்டும். செய்முறை நோட்டில் ஊர்ப் பெயர்தான் இருந்தது. மூன்று வாரம் போன் போட்டோம். "எனக்கு ஏதும்மா வரி, நீ கக்கூஸைக் கட்டு" என்று ஓர் ஆயா வைத்துவிட்டார். 5,001 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்த அரிசி ஆலைக்காரர்தான் வருத்தப்பட்டார். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் 80ஜி சலுகை இல்லை என்பதை வாங்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். புதிய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

கட்டட வேலையில் ஒரே தகராறு சாய்தளத்தில். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. இரண்டரை அடிக்கு முப்பதடி வேண்டும். முற்றமோ பதினெட்டு அடி. மேஸ்திரி, "கொஞ்சம் செங்குத்தா இருந்தா என்னம்மா, தள்ளுறதுக்கு ஆள் இருக்கும்ல" என்று பதினெட்டு அடியிலேயே கான்கிரீட் போட்டுவிட்டார். அவரையே சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அறுபது வயதான ஓர் அம்மாவைத் தள்ளச் சொன்னேன். பாதி வழியில் நாற்காலி பின்னால் உருண்டது. மறுநாள் அவராகவே உடைத்து, நடுவில் மேடை வைத்து மடக்கிக் கட்டினார். உடைத்த கூலியைக் கேட்கவில்லை.

இன்வெர்ட்டருக்கு இன்னும் பணம் சேரவில்லை. ஜூலையோடு மூன்றாண்டு நிறைந்துவிட்டது. சிஎஸ்ஆர்-1 எண்ணும் வந்துவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் கப்பலூருக்குப் போகிறேன். நேரம் கேட்கத் தொலைபேசியில் பேசியபோது, வேறு ஏதாவது காகிதம் வேண்டுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். எதுவும் வேண்டாமாம். எதற்கும் செய்முறை நோட்டையும் எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.