நாலு என்று சொன்னேன்

"யாருண்ணா உங்கள அதைப் பாக்கச் சொன்னது?"

இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. போட்டோக்களை எடுத்துத் தரச் சொல்லித்தான் அந்த சிஸ்டர் லேப்டாப்பைக் கொடுத்தார். ஜாப் கார்டில் 'போட்டோ, பாப்பா வீடியோ மட்டும்' என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 16 வருஷமாக, கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுக்கிற வேலை. படுத்துவிட்ட ஹார்ட் டிஸ்க்கோடு வருகிறவர்கள் ஒரு கதையோடும் வருவார்கள். கேட்டுக்கொள்வேன், உள்ளே போகமாட்டேன். இவர் வந்தது நவம்பர் கடைசியில். வீட்டுக்காரர் மார்ச்சில் வெளியே போனவர், திரும்பவில்லை. மேன் மிஸ்ஸிங் கேஸ் கொடுத்தாயிற்று.

கவுன்டரில் நின்றபடியே போனை நீட்டினார். வீட்டுக்காரரின் பழைய நம்பரில் திடீரென்று வாட்ஸ்அப் அக்கவுன்ட் வந்திருந்தது. டிபியில் யாரோ ஒரு குழந்தை. மாமியார் அதைப் பார்த்து இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். ப்ரீபெய்டு நம்பர் 90 நாள் சும்மா கிடந்தால் கட் பண்ணிவிடலாம், அதற்குப் பிறகு குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். மார்ச், ஜூன், செப்டம்பர் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். "அப்பாடா, இன்னைக்காவது தூங்குவேண்ணா" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததுதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. உண்மையைச் சொன்னால் நிம்மதி வரும் என்று நம்பிவிட்டேன்.

அடுத்து மெயிலைக் காட்டினார். மாசாமாசம் 7-ஆம் தேதி, விடிகாலை 5.45-க்கு, வீட்டுக்காரரின் ஜிமெயிலிலிருந்து ஒரே ஒரு வரி. 'கேஸ் புக் பண்ணு.' 'பாப்பாவுக்கு டேர்ம் ஃபீஸ் கட்டணும்.' நவம்பரில் வந்தது: 'மழை வரும், மாடித் துணிய எடுத்துடு.' அன்றைக்கு மழை கொட்டியிருக்கிறது. இவர் போட்ட பதில்கள் எதற்கும் மறுமொழி இல்லை. "எங்கயோ இருந்து பாத்துட்டுதாண்ணா இருக்காரு." சென்னையில் நவம்பர் மாசம் மழை வரும் என்று யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே எழுதலாம். அப்போது நான் அதைச் சொல்லவில்லை.

டிஸ்க் 1 டெராபைட். டேட்டாவைப் படிக்கிற ஹெட் வீக். பவர் கொடுத்தால் டக், டக் என்று இரண்டு தட்டு; கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்று, பிறகு சுழலும். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கிற டிடிரெஸ்க்யூ சாஃப்ட்வேரில் போட்டேன். சுலபமாகப் படிக்க வருகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கிற செக்டர்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மதியம் க்ளோன், அதாவது முழு நகல், முடிந்தது. போட்டோக்கள் வந்துவிட்டன. வேலை அங்கேயே முடிந்தது.

க்ளோன் பூட் ஆகிறதா என்று பார்ப்பது வழக்கம்தான். ஆனால் அதற்கு நெட் வேண்டாம். வைஃபையைப் போட்டது நான். ப்ரவுசரைத் திறந்ததும் நான். வீட்டுக்காரரின் ஜிமெயில் லாகின் அப்படியே இருந்தது. இடப்பக்க வரிசையில் 'ஷெட்யூல்டு', அதன் பக்கத்தில் 4.

2019-இல் ஜிமெயிலில் வந்த வசதி அது. தேதியும் நேரமும் குறித்து 100 மெயில் வரை போட்டுவைக்கலாம். கூகுள் சர்வரில் கிடக்கும். லேப்டாப் படுத்தாலும், எழுதியவர் எங்கே போனாலும், அந்தந்த நேரத்துக்குப் போய்விடும். ஆவி என்றிருந்தால்கூட எனக்கு உடம்பு அப்படி நடுங்கியிருக்காது. ஒரு மனுஷன் போவதற்கு முன்னால் உட்கார்ந்து, எந்த மாசம் சிலிண்டர் தீரும், எப்போது ஃபீஸ் கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்து எழுதியிருக்கிறார்.

நான் எதையும் திறக்கவில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பட்டியலில் முதல் சில வார்த்தைகள் தெரியத்தான் செய்யும். கடைசி மெயில், மார்ச் 7: 'இனிமே நான்…' அதற்கு மேல் தெரியவில்லை.

திங்கட்கிழமை வந்தார். ஷெட்யூல் விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி. "உங்களுக்குத் தெரியணும்னு…" என்று இழுத்தேன். பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"மிச்சம் எத்தனை?"

"நாலு சிஸ்டர். கடைசி மார்ச் ஏழு."

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் அந்த மூன்று புள்ளியைப் பற்றிச் சொல்லவில்லை. "ஸ்டேஷன்ல காட்டுங்க" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார். பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

சொன்னது சரிதான் என்று சில நாள் படுகிறது. கிளம்பும்போதே திட்டம் இருந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் ஏது? சட்டப்படி 7 வருஷம் ஒரு ஆளைப் பற்றி எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாக அனுமானிக்க முடியும். முன்பே எழுதிவைத்துவிட்டுப் போன மெயில் தகவலா, இல்லையா? இதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டாமா?

வேறு சில நாள் அந்த ஜிப் சத்தம் மட்டும் கேட்கிறது. மாசத்தில் ஒரு விடிகாலைதான் அவருக்கு இருந்தது. அதை எண்ணிச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ஜிமெயிலின் அடியில், வலது மூலையில் 'டீடெய்ல்ஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். சமீபத்தில் எங்கிருந்தெல்லாம் அந்த அக்கவுன்ட் திறக்கப்பட்டது என்று காட்டும். அதை நான் அமுக்கவில்லை. அடுத்தவர் விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டேன். வைஃபையைப் போட்டபோது இல்லாத அந்தக் கூச்சம் அங்கே மட்டும் எங்கிருந்து வந்தது?

ஏப்ரல் 7. காலை ஆறு மணிக்கு அவர் போன்.

"அண்ணா, நாலுன்னு சொன்னீங்க."

"ஆமா சிஸ்டர்."

"இன்னைக்கும் வந்திருக்கு."

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். "பாப்பா எழுந்துடுச்சு, வெக்கிறேண்ணா" என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் எங்கிருந்தாவது திறந்திருக்கலாம். பாஸ்வேர்டு தெரிந்த யாராவது அனுப்பியிருக்கலாம். இவரே தனக்குத் தானே எழுதிக்கொண்டாரோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன், நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். நான் எண்ணியது தப்பில்லை, அந்த 4 இப்போதும் கண்ணில் நிற்கிறது. சரிபார்க்க வழியில்லை. வேலை முடிந்து 30 நாளில் க்ளோனை அழித்துவிடுவேன், இதையும் அழித்துவிட்டேன்.

மே 7 அன்று 5.45-க்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.