கல்லடிப் பட்டறையும் றோட்டரி எஞ்சினும்

ஒன்றுக்காகச் செய்த எஞ்சினை இன்னொன்றில் பூட்டுவது மட்டக்களப்பில் உள்ள எங்கள் கல்லடிப் பட்டறையில் அன்றாட வேலை. லொறியில் ஓடிய டீசல் எஞ்சின் படகில் ஏறும். தண்ணீர் இறைத்த எஞ்சின் நெல் தூற்றும். அதனால்தான், கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் தன் கராஜில் கட்டிக்கொண்டிருந்த இரண்டு இருக்கை விமானத்துக்கு மஸ்டா கார் எஞ்சினைப் போடப்போவதாகச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த எஞ்சின் என்றுதான் கேட்டேன். “13பி, மாமா” என்றான்.

ஜெர்மனியரான பெலிக்ஸ் வாங்கெலின் யோசனையில் பிறந்த றோட்டரி வகை எஞ்சின் அது. முதல் சோதனை எஞ்சின் 1957இல் ஓடியது. மஸ்டா தன் கொஸ்மோ காரில் அதை 1967இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 13பியில் தலா 654 கன சென்டிமீற்றர் அளவில் இரண்டு றோட்டர்கள், அதாவது உறைக்குள் சுழலும் முக்கோணத் துண்டுகள். வால்வு இல்லை, கேம் இல்லை, மேலும் கீழும் அடிக்கும் பிஸ்டனும் இல்லை. சிறிய உருவம், பெரிய வலு. வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் இதை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: றோட்டரின் ஓரத்தில் வாயு கசியாமல் அடைக்கும் ஒரு சீல் போனாலும், வலு குறைந்தபடி பெரும்பாலும் தரை இறங்கும்வரை ஓடிக்கொண்டிருக்கும்.

நான் அந்த வகையைக் கையால் தொட்டது ஒரே ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில்தான். கொழும்பிலிருந்து வந்த வழியில் சூடேறி நின்றுபோய், கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கோத்திருந்த நீண்ட போல்ட்டுகளைக் கழற்றியதும், மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி வைத்த குழல் பிட்டுப்போல, வார்ப்பிரும்புத் தட்டும் அலுமினிய உறையும் அடுக்கடுக்காக வந்தன. றோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல்கள். விரலால் அமுக்கி விட்டால் அடியில் உள்ள ஸ்பிரிங் அதை மேலே தள்ள வேண்டும். ஒன்று கரி அடைத்து அசையவே இல்லை. ஆனால் எஞ்சினைப் படுக்கவைத்தது அதுவல்ல. தட்டுக்கும் உறைக்கும் நடுவே தண்ணீரை மறிக்கும் றப்பர் வளையம் வெந்து தட்டையாகிக் கிடந்தது. அந்தச் சூட்டுக்குக் காரணம் வெளியே, யாரோ பிறகு மாற்றிய றேடியேற்றர் ஹோஸின் தளர்ந்த கிளிப்.

படகு எஞ்சின்களிலும் நான் கண்டது இதுதான். தொழிற்சாலை செய்த பகுதி அபூர்வமாகத்தான் கைவிடும். நாம் சேர்த்த குழாய், கம்பி, பிராக்கெட், கிளிப் இவைதான் நடுவழியில் காலை வாரும். மருமகனோ வலுவைப் பற்றியே பேசினான். நான் ஹோஸ் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வேகக் கணக்கை அவன் சரியாகவே பிடித்திருந்தான். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்கு மேல் போனால் அதன் முனைகள் ஒலியின் வேகத்தை நெருங்கி, இரைச்சல்தான் மிஞ்சும். றோட்டரியோ 6,000க்கு மேல்தான் முழு வலுவையும் தரும். அதனால் நடுவே வேகம் குறைக்கும் கியர் வேண்டும். அவன் எடுத்தது 2.85க்கு 1, எஞ்சின் 7,500இல் சுற்றினால் புரொப்பெல்லர் ஏறத்தாழ 2,630. எஞ்சினுக்கு அது கொடுமை என்று முதலில் தோன்றும். ஆனால் எஞ்சினின் தண்டு மூன்று முறை சுற்றும்போது றோட்டர் ஒரு முறைதான் சுற்றுகிறது. 7,500 என்பது றோட்டருக்கு 2,500தான்.

சூடு வேறு கதை. கார் முழு வலுவில் ஓடுவது சில விநாடிகள். விமானம் மேலேறும்போது நிமிடக்கணக்கில் முழு வலு, அதுவும் காற்று குறைவாக உள்ளே வரும் மெதுவான வேகத்தில். போதாததற்கு, றோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பது ஒயில்தான். வெளியேற்ற வேண்டிய சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒயிலில் போகிறது. தண்ணீருக்குப் பெரிய றேடியேற்றர் வைத்துவிட்டு ஒயில் கூலரைச் சின்னதாக விட்டால் பயனில்லை.

விடுமுறைக்கு வந்தபோது வரைபடத்தோடு வந்தான். மூக்கில் அகலமான வாய் திறந்திருந்தான். எனக்குக் கடைச்சல் கற்றுத்தந்தவர் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். ஊதுவிசிறிக் குழாய்களை விளக்கும்போது, காற்றுக்கு ஒரு விரல் இடைவெளி கொடுத்தால் அது அந்த வழியாகவே ஓடிவிடும் என்பார். அதை நினைத்துக்கொண்டு அட்டைப்பெட்டிகளை வெட்டி, உண்மை அளவிலேயே காற்றுக் குழாய் செய்து பார்த்தோம். வாய் சிறியது, பின்னால் மெல்ல அகலும், காற்று வேகம் தணிந்து அமுக்கம் கூடி றேடியேற்றரை ஊடறுக்கும். ஓரங்களில் ஒரு நூல் இடைவெளிகூடக் கூடாது. புரொப்பெல்லர் பக்கத்துத் தட்டையும் இங்கேயே கடையச் சொன்னான். மறுத்துவிட்டேன். நமக்குக் கிடைக்கும் அலுமினியம் யார் வீட்டுப் பானையை உருக்கியதோ! அதற்குச் சான்றிதழ் உள்ள உலோகம் வேண்டும்.

மின்சாரத்தில் நான் சொல்ல அதிகம் இருக்கவில்லை. பழைய விமான எஞ்சினில் மக்னீற்றோ என்ற காந்தக் கருவி தானே பொறி தரும். பற்றரி செத்தாலும் ஓடும். இதற்கு ஒவ்வொரு றோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் இருந்தும், எஞ்சினை நடத்தும் கணினிக்கு மின்சாரம் நின்றால் நான்கும் நிற்கும். இரண்டு பற்றரி, இரண்டு பெற்றோல் பம்ப் என்று அவனே திட்டமிட்டிருந்தான்.

கடந்த பனிக்காலத்தில் விமானத்தைத் தரையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறான். காது கிழியும் சத்தம் என்றான்; ஒயில் சூடு நன்றாக இருக்கிறதாம். பனியில் ஓட்டினால் அப்படித்தான் காட்டும், கோடையில் ஓட்டிவிட்டுச் சொல் என்றேன்.

“மேலே போனால் குளிர்தானே, மாமா?”

“மேலே போய்ச் சேரும்வரை?”

அடுத்த வாரம் இரண்டாவது ஒயில் கூலர் ஒன்றின் படத்தை அனுப்பினான். ஹோஸ் போகும் வழி அதில் தெரியவில்லை; கேட்டிருக்கிறேன்.