தாய்க்குளவியின் கணக்கு

தென்னையில் கருந்தலைப்புழுவைக் கட்டுப்படுத்த விடுகிற ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்துக் கொடுப்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. குளவி என்றதும் விவசாயிகள் கேட்கிற முதல் கேள்வி, "கொட்டுமா சார்?" என்பது. குழாய்க்குள் திரிகிற அந்தச் சின்னக் கறுப்பு உருவத்தைக் காட்டினால் பயம் போய்விடும். அடுத்த கேள்வி, "டப்பாவுல எத்தனை இருக்கும்?" அதில் பெண் எத்தனை என்று கேளுங்கள் என்பேன். புழுவைத் தேடிப்போய்க் கொட்டி முட்டை வைப்பது பெண் மட்டும்தான். ஆண் இணைசேரும், சில நாளில் செத்துப்போகும். ஆண்கள் நிறைந்த டப்பாவால் தோப்புக்குப் பிரயோசனமில்லை.

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பது பெரும்பாலும் தாயின் கையில் இருக்கிறது. இணைசேர்ந்த பெண்குளவி விந்தணுக்களை உடலுக்குள் ஒரு சிறு பையில் சேமித்து வைத்திருக்கும். முட்டை இறங்கும்போது விந்தணு போய்ச் சேர்ந்தால் மகள், சேராவிட்டால் மகன். மகனுக்குத் தாயிடமிருந்து வந்த ஒரு தொகுதி குரோமோசோம் மட்டும்தான். அவனுக்குத் தந்தை கிடையாது, தாய்வழித் தாத்தா உண்டு! ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது என்று யோஹான் ஜியர்சோன் என்ற பாதிரியார் 1845-லேயே சொல்லிவிட்டார். குளவியிலும் அதே கதைதான். இணைசேராத பெண்ணும் முட்டை வைக்கும், ஆனால் அத்தனையும் ஆணாகவே பிறக்கும்.

எங்களிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது கோனியோசஸ் நெபான்டிடிஸ். கண்ணாடிக் குழாயில் ஒரு தாய், கம்புக் குருணையில் வளர்ந்த ஒரு கார்சைரா (அரிசி அந்துப்பூச்சி) புழு, தேன் தொட்ட காகிதத் துண்டு, அவ்வளவுதான். பெண் ஏறிக் கொட்டும். புழு துள்ளும், புரளும், பிறகு அடங்கிவிடும். உடனே முட்டை வைக்காது. உணர்கொம்பால் தட்டித் தட்டிப் புழுவின்மேல் முன்னும் பின்னும் நடக்கும். ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துத்தான் முட்டைகளை அதன் உடலில் ஒட்டும். புழு பெரிதாக இருந்தால் முட்டையும் அதிகம். அப்புறமும் விலகிப் போகாது. குஞ்சுகள் தின்று வளர்ந்து கூடு கட்டும்வரை பக்கத்திலேயே காவல் நிற்கும், வேறொரு பெண் வந்தால் சண்டைக்குப் போகும். வெளிவருகிறவற்றை எண்ணினால் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் ஆண். பல குழாய்களில் ஒரே ஒரு ஆண். அது முதலில் வெளியே வந்து, உடன்பிறந்த பெண்களின் கூட்டைக் கடித்து உள்ளே நுழைந்து இணைசேர்ந்துவிடும்.

இந்தக் கணக்குக்குக் காரணம் சொன்னவர் பிரிட்டனைச் சேர்ந்த வில்லியம் ஹாமில்டன், 1967-ல். ஒரே தாயின் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே இணைசேரும் இடத்தில் மகன்கள் கூடினால் ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவதுதான் மிச்சம். ஒருவன் போதும், மற்ற முட்டையெல்லாம் மகளாகட்டும். ஈக்களின் கூட்டுப்புழுவைத் தாக்கும் நசோனியா குளவியில் ஜாக் வெரன் 1980-ல் இதைச் சோதித்துக் காட்டினார். வேறொரு தாய் ஏற்கெனவே முட்டை வைத்த இடத்துக்கு வரும் இரண்டாவது பெண், மகன்களைக் கூட்டி வைக்கிறது; முதல் தாயின் மகள்களோடும் அவை இணைசேரலாமே. படித்தபோது சிலிர்த்துப்போனேன்.

நாங்கள் வளர்க்கிற இன்னொரு குளவியான பிரக்கான் ஹெபிட்டர் வேறு மாதிரி. கண்ணாடிக் குடுவையின் வாயில் இரண்டு மஸ்லின் துணிக்கு நடுவே புழுக்களை வைத்துக் கட்டுவோம், குளவி உள்ளிருந்து துணி வழியாகக் கொட்டும். இதில் தாயின் முடிவு மட்டும் போதாது. கருவுற்ற முட்டையில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரண்டு வேறுபட்ட வடிவங்கள் சேர்ந்தால்தான் பெண். இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால் அதுவும் ஆண்தான், பெரும்பாலும் பிழைக்காத ஆண். நெருங்கிய உறவுக்குள்ளேயே வளர்த்தால் அந்த வடிவங்கள் குறைந்துகொண்டே போகும், கூடவே பெண்களும். வயலிலிருந்து அவ்வப்போது புதுக் குளவிகளைப் பிடித்து வந்து கலப்பது இதனால்தான். கோனியோசஸ் இப்படி இல்லை. உடன்பிறப்புகளே தலைமுறை தலைமுறையாக இணைசேர்ந்தாலும் பெண் குறைவதில்லை.

புழுவின் அளவும் கணக்கில் வரும். மரவள்ளி மாவுப்பூச்சிக்காக 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்ட அனகைரஸ் லோபெசி என்ற குளவி, சின்ன மாவுப்பூச்சியில் மகனையும் பெரியதில் மகளையும் வைக்கும் வழக்கமுள்ளது. தீனி குறைந்தால் மகளுக்குத்தான் நஷ்டம் அதிகம். உடம்பு சிறுத்த பெண்ணால் நிறைய முட்டை வைக்க முடியாது.

வெளிவந்த அன்றே டப்பாவைக் கேட்பவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறோம். பெண்கள் இணைசேர்ந்த பிறகு தோப்புக்குப் போகட்டும் என்றுதான். ஆனால் நாங்கள் அனுப்பும் ரசீதில் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, பெண் விகிதத்துக்கு இல்லை. அதைச் சேர்க்க வேண்டும், விலையையும் பெண் குளவியின் எண்ணிக்கையை வைத்தே போட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுவருகிறேன்.