பிரமாணத்தில் இல்லாத தாத்தா

மாசி வாக்கில் அறுக்கும் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல்கள் வெறிச்சோடிக் கிடந்த ஒரு காலையில், நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் பூதப்பாண்டிப் பேருந்தில் ஏறினேன். மடியில் ஒரு பழைய பிரமாணம் இருந்தது. நிலப் பத்திரத்தை எங்கள் பக்கத்தில் இன்றும் அப்படித்தான் சொல்வோம். அப்பா மறைந்த பின் அவருடைய தகரப் பெட்டியில் கிடைத்தது அது. தாத்தாவின் பெயர் அதில் இருக்கும் என்று உறுதியாக நம்பினேன்.

1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணையும் வரை இந்தக் கன்னியாகுமரிப் பகுதி மலையாளத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட அரசின் கீழ் இருந்ததால், எங்கள் வீட்டுத் தாள்கள் மலையாள எழுத்திலும், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டிலும் இருக்கின்றன. பிரமாணத்தில் இருந்த 1094 மீன மாதம் என்றால் 1919 மார்ச், ஏப்ரல். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால் ஆங்கில ஆண்டு முடியும் வரை 824ஐயும், அதன் பின் 825ஐயும் கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் நான் முதலில் ஓராண்டு பிசகியிருந்தேன்.

பூதப்பாண்டியில் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் பொறுமையாக வாசித்தார். முதலில் குடும்பத் தலைவரான காரணவர், பிறகு அவருடைய சகோதரிகள், அவர்களுடைய பிள்ளைகளான அனந்தரவர்கள். அந்த வரிசையில் என் பூட்டனார் இருந்தார். அப்போது ஏழு வயதாகியிருந்த அவருடைய மகன், என் தாத்தா, இல்லை. மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். இல்லை.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் அன்று மருமக்கள் வழி இருந்தது. ஒருவருடைய குடும்பச் சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்கு உண்டு. 1926இல், அதாவது கொல்லம் 1101இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய பிறகே பிள்ளைகளின் உரிமை வலுப்பெற்றது. இதையெல்லாம் படித்து அறிந்திருந்தும், பெயர்கள் வாசிக்கப்பட்டு முடிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தகப்பன் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவன் அந்த வீட்டின் தாளில் ஆளாகவே இல்லை.

மதியம் பெரியம்மையிடம் இதைச் சொன்னேன்.

“சோறு அப்பன் வீட்டுல, சொத்து மாமன் வீட்டுல. அதுதான் மக்களே அன்னைக்கு வழக்கம். உங்க தாத்தா பேரு வேணும்னா அவரு அம்மைக்க வீட்டுல போயிப் பாரு.”

நான் வரைந்திருந்த வம்சாவளித் தாளை விரித்தேன். என் பெயருக்கு முன் நிற்கும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்பா, தாத்தா, பூட்டனார் என்று ஆண்கள் வழியாகவே ஏறியிருந்தேன். பூட்டனாருக்கு அருகில் ‘மனைவி’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அவர் யார், எந்த ஊர்க்காரர் என்று இத்தனை ஆண்டுகளில் ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

பெரியம்மைக்குத் தெரிந்திருந்தது. பெயரைச் சொன்னார், ஊர் தாழக்குடி என்றார், வீட்டுப்பெயரையும் சொன்னார். ‘மனைவி’ என்ற சொல்லை அடித்துவிட்டு அந்தப் பெயரை எழுதிக்கொண்டு, தாழக்குடிக்கு அடுத்த பேருந்து எப்போது என்று கேட்டேன்.